ராத்திரியை விடலாம், துணியை ஏன் விட வேண்டும்?

போன இதழில் மும்பை ஃபேஷன் உலகில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இடம் போதாமல் நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். "பார்ட்டி வாழ்க்கை அலுத்துவிட்டது, ஆனால் அதை விட்டால் வேலையும் போய்விடுமோ?" என்பது அவர் கேள்வி. அதற்கப்புறம் அதே தவிப்போடு மும்பை, பெங்களூரு, சென்னை என்று கடிதங்கள் வந்தபடியே இருக்கின்றன. அந்தப் பெண்ணும் இந்த முறை விவரமாக எழுதியிருக்கிறார். அதனால் இந்த இதழ் முழுக்க இது ஒன்றுதான். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

*

அக்கா, எனக்கு 29 வயது. சொந்த ஊர் தென்காசி பக்கம். அசிஸ்டென்ட் ஸ்டைலிஸ்டாக இருக்கிறேன். பகலில் ஷூட், சாயங்காலம் டிசைனர்களிடம் துணி எடுப்பதும் திருப்பிக் கொடுப்பதும், ராத்திரி யாராவது ஒருவருடைய லாஞ்ச், அது முடிந்து ஆஃப்டர் பார்ட்டி. தலை காட்டாவிட்டால் மறந்துவிடுவார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். ஒரு பார்ட்டிக்குப் போட்ட டிரெஸ்ஸை இன்னொன்றுக்குப் போட முடியாது, போட்டோ வந்துவிடும். கிரெடிட் கார்டில் 1,80,000 ரூபாய் பாக்கி. அம்மா என் போட்டோவை ஊரெல்லாம் காட்டுகிறாள். எனக்கு வேலை பிடிக்கும், இந்த வாழ்க்கை வேண்டாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடட்டுமா? (அந்தேரி, மும்பை)

வேலை பிடிக்கும், வாழ்க்கை வேண்டாம் என்று நீயே பிரித்து எழுதிவிட்டாயே, அப்புறம் ஏன் இரண்டையும் சேர்த்து விடப் பார்க்கிறாய்? அந்த ஊரில் நானும் காஸ்ட்யூம் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் உன் ஒரு நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கடன் வாங்கி வந்த ஷூவின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டுகிறாய், தரையில் பட்டு அழுக்கானால் டிசைனர் திரும்ப வாங்க மாட்டார். மாடலுக்குப் பெரிதாக இருக்கும் பிளேசரை முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கி, முன்னால் இருந்து பார்த்தால் அவளுக்கென்றே தைத்தது மாதிரி நிற்க வைக்கிறாய். ஆர்கன்சா மாதிரி மெல்லிய, விறைப்பான துணிக்கு ஸ்டீமரை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும், எம்பிராய்டரி போட்டதை எப்படி உள்பக்கம் திருப்பி இஸ்திரி போட வேண்டும் என்பதெல்லாம் உன் கை அறியும். இதில் எதையாவது ராத்திரி ஒரு மணிக்கு, பாட்டுச் சத்தத்தில் ஒருவர் காதுக்குள் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது கற்றாயா? இல்லை. பார்ட்டியில் பார்த்து வேலைக்குக் கூப்பிடுவது நடக்கும், நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது தடவை கூப்பிடுவது, துணியை நேரத்துக்குக் கொண்டு வந்து, கறை இல்லாமல், டேக் கிழியாமல் திருப்பிக் கொடுத்தவளை மட்டும்தான். அந்தப் பெயர் உனக்கு ஏற்கெனவே இருக்கிறது, இல்லாவிட்டால் இத்தனை வருஷம் அங்கே ஓட்டியிருக்க முடியாது.

லோயர் பரேலில் நீ போகும் பப்களில் பல, பழைய பஞ்சாலை வளாகங்களுக்குள் இருப்பவை. 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்கப்புறம் பல மில்கள் எழுந்திருக்கவே இல்லை. தறி ஓடிய நிலத்தில் மாலும் ஆபீஸும் மதுக்கூடமும் வந்தன. 2017 டிசம்பர் 29 அன்று கமலா மில்ஸ் வளாகத்து மாடி பப்பில் தீப்பிடித்து 14 பேர் செத்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். இதையெல்லாம் பயமுறுத்த எழுதவில்லை. அந்தக் கட்டடங்களை விட்டுத் துணி என்றைக்கோ வெளியே போய்விட்டது. துணி இப்போது மும்பையின் மங்கள்தாஸ் மார்க்கெட்டில் இருக்கிறது, காஞ்சிபுரத்தில், ஈரோட்டில், திருப்பூரில் இருக்கிறது. துணி மேல் ஆசை இருப்பவள் அந்த வளாகத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருக்க வேண்டிய அவசியம் கிடையாது.

வென்டல் ரோட்ரிக்ஸை உனக்குத் தெரிந்திருக்கும். மும்பையில் 1960-ல் பிறந்து, மும்பையிலேயே டிசைனராகப் பெயர் எடுத்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தொழில் சூடு பிடிக்கும் நேரத்தில், கோவாவில் கொல்வாலே என்ற கிராமத்துக்குக் குடி போய்விட்டார். அங்கே இருந்துகொண்டுதான் லேசான பருத்தி, லினன் உடைகள் செய்தார். கோவாவின் பூர்வகுடிகளான குன்பிப் பெண்கள் கட்டும் கட்டம் போட்ட புடவை வழக்கொழிந்து போக இருந்தபோது அதைத் திரும்ப நெய்ய வைத்தார். பத்மஸ்ரீ கிடைத்தது 2014-ல், அதாவது நகரத்தை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் கழித்து. 2016-ல் தன் லேபிளை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, கோவா உடைகளுக்கான அருங்காட்சியக வேலையில் இறங்கினார். 2020 பிப்ரவரியில் இறந்ததும் அதே கிராமத்து வீட்டில்தான். ஃபேஷன் வாரங்களுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார், அவ்வளவுதான்.

அதனால் இப்போதைக்கு ஊருக்கு வராதே. வர விருப்பம் இருந்தால் அப்புறம் வரலாம், ஆனால் கடனோடும் களைப்போடும் வருகிறவளுக்கு ஊர் இளைப்பாறும் இடமாக இருக்காது. முதல் வேலை அந்த கார்டு. மாதத்துக்கு மூன்றரை சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள், பல கார்டுகளில் அதுதான் நிலவரம். 1,80,000-க்கு மாத வட்டி 6,300. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., அது 1,134. 'மினிமம் டியூ' என்று நீ கட்டுவது 9,000 என்றால் அசலில் குறைவது 1,566 ரூபாய்தான். அதற்குள் இன்னொரு பார்ட்டிக்கு இன்னொரு டிரெஸ் வாங்கினால் மொத்தம் கூடத்தான் செய்யும். இன்றைக்கே அந்த கார்டில் செலவை நிறுத்து. பாங்க்கிடம் பேசி பாக்கியை மாதத் தவணையாக மாற்று, அல்லது குறைந்த வட்டிக்குப் பெர்சனல் லோன் கிடைத்தால் எடுத்து இதை மூடு. போட்ட டிரெஸ்ஸையே மறுபடி போடு, யாராவது சொன்னால் சொல்லட்டும். மாதத்தில் நீ கூட வேலை பார்த்த டிசைனரின் லாஞ்ச் ஒன்றோ இரண்டோ இருக்கும், அதற்கு மட்டும் எட்டு மணிக்குப் போ, நேரில் வாழ்த்துச் சொல்லு, சாப்பிட்டுவிட்டு கிளம்பு. "காலையில் ஷூட் இருக்கிறது" என்பது பொய்யும் இல்லை. பகலில் முடிகிற வேலைகளாகத் தேடு: கேட்லாக் ஷூட், கல்யாணப் பெண்களுக்கு ஸ்டைலிங், விளம்பரப் படத்துக்கு ஃபிட்டிங். மினுமினுப்பு குறைவு, பணம் ஒழுங்காக வருகிற இடங்கள் இவை.

அம்மாவிடம் கடன் தொகையைச் சொல்லிவிடு. போட்டோவைக் காட்டிச் சந்தோஷப்படுகிறவள்தான், ஆனால் நீ மூச்சுவிட முடியாமல் இருப்பது தெரிந்தால் போட்டோவைக் கீழே வைத்துவிடுவாள்.

*

நான் மேக்கப் ஆர்ட்டிஸ்ட். பார்ட்டிக்குப் போகாமல் இருக்கலாம் மேடம், ஆனால் பாக்கிப் பணத்தை வாங்குவதே அங்கே போய் ஆளைப் பிடித்துத்தான். இன்வாய்ஸ் அனுப்பி மூன்று மாதம், நான்கு மாதம் ஆகிறது. என்ன செய்ய? (செம்பூர், மும்பை)

இந்தக் கடிதம் என்னைக் கோபப்படுத்தியது. செய்த வேலைக்குக் காசு வாங்க, கையில் கிளாஸோடு சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்றால் அது கொண்டாட்டமே இல்லை, வசூலுக்கு அலைவது.

உத்யம் பதிவு என்று ஒன்று இருக்கிறது, சிறு தொழில் செய்பவர்களுக்கு. தனி ஆளாகச் சேவைத் தொழில் செய்கிறவர்களும் பதியலாம். ஆதார், பான் இருந்தால் போதும், ஆன்லைனில் இலவசம். இதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்பாதீர்கள். குறு, சிறு தொழிலாகப் பதிந்தவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் துணை நிற்கும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பாங்க் ரேட்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இந்த மாதிரி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் மாநில ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் இணையதளம் வழியாகவே அனுப்பலாம். ஒன்றைக் கவனியுங்கள், வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், பழைய பாக்கிக்கு இப்போது பதிந்து பலன் எதிர்பார்க்காதீர்கள்.

இன்வாய்ஸில் உத்யம் எண்ணையும், "45 நாள்" என்பதையும் அச்சிட்டு அனுப்புங்கள். எதிர்ப்பக்கம் ஒரு கம்பெனி என்றால் அவர்கள் அக்கவுன்டன்டுக்கு உடனே உறைக்கும். 2024 ஏப்ரலில் தொடங்கிய மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இப்படிப் பதிந்தவருக்குக் கெடு தாண்டியும் கொடுக்காத பணத்தை அந்த வருஷச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது. அது அவர்களுக்கு வலிக்கிற இடம். புதிய ஆளிடம் பாதி அட்வான்ஸ் இல்லாமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். பணம் வீடு தேடி வர ஆரம்பித்துவிட்டால் எந்த அழைப்புக்கும் 'வரலை' என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள்.

*

ஐ.டி.யில் இருக்கிறேன். வெள்ளி, சனி இரண்டு ராத்திரியும் கிளப். கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமை முழுக்க காதில் 'ங்கொய்' என்று ஒரு சத்தம். திங்கட்கிழமை போய்விடுகிறது. இதெல்லாம் சகஜம்தானே? (கோரமங்களா, பெங்களூரு)

சகஜமாக எல்லாருக்கும் நடக்கிறது, அதனால் சரி என்று ஆகிவிடாது. உள்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர் போன்ற செல்கள் அடிபட்டதற்கு அடையாளம் அந்தச் சத்தம். அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 100 டெசிபல் என்றால் வாரத்துக்கு சுமார் 20 நிமிஷம். கிளப்பில் ஸ்பீக்கர் பக்கம் 100 என்பது சர்வசாதாரணம், நீங்கள் அங்கே நாலைந்து மணி நேரம் நிற்கிறீர்கள்.

போகத்தான் போகிறீர்கள் என்றால் காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள், இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கிறார்கள், பாட்டு கெடாது. ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நில்லுங்கள், நடுநடுவே வெளியே வாருங்கள். சத்தம் திங்கட்கிழமையும் போகவில்லை என்றால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், அடுத்த வார இறுதி வரைக்கும் தள்ளாதீர்கள்.

*

பார்ட்டிக்குப் போவதை நிறுத்திய மறு மாதமே அந்த குரூப்பில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. ஐந்து வருஷ நட்பு இவ்வளவுதானா? (நுங்கம்பாக்கம், சென்னை)

சிலருடைய நட்பு அவ்வளவுதான். எல்லாருடையதும் அல்ல. அந்தக் கூட்டத்தில் உன்னைப் போலவே வீட்டுக்குப் போக மனசு இருந்து, யார் முதலில் எழுவது என்று காத்திருந்தவர்கள் ஒருவரோ இரண்டு பேரோ இருப்பார்கள். ஒவ்வொருவராகத் தனியாக போன் செய். குரூப்பில் மெசேஜ் போடாதே. "ஞாயிறு காலையில் பெசன்ட் நகர் பீச் வர்றியா?" என்று கேள். வருகிறவர்களை வைத்துக்கொள்.

*

வேலை ஈவென்ட் கம்பெனியில். தினமும் குடிக்கிறேன், இப்போது வீட்டில் இருக்கும் நாளிலும். சில பார்ட்டிகளில் போதைப் பொடியும். நாளையிலிருந்து ஒரே அடியாக எல்லாவற்றையும் நிறுத்தப்போகிறேன். மன உறுதி இருந்தால் போதும் இல்லையா? (ஊர் வேண்டாம்)

போதாது தம்பி, தயவுசெய்து நாளைக்கே தனியாக அதைச் செய்யாதே. தினமும் நிறையக் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையோடு நிற்காமல், முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரைக்கும் போகலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். உன் உறுதியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை, உடம்பின் வேதியியல் உறுதியைக் கேட்டு நடக்காது. மருத்துவர் சில நாளுக்கு மாத்திரை கொடுத்து, கூட இருந்து பார்த்துப் பத்திரமாக இறக்கிவிடுவார். நாளைக்குச் செய்ய வேண்டியது அந்த மருத்துவரைப் பார்ப்பது.

போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநலத்துக்கு டெலி மனஸ், 14416, தமிழில் பேசலாம். சென்னைக்கு வர முடிந்தால் டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனை 1980-லிருந்து இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன, கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்க மாட்டார்கள்.

பொடியைப் பற்றி வெளியே சொன்னால் போலீஸ் வருமோ என்று நீ பயப்படுவது கடிதத்தில் தெரிகிறது. மருத்துவர் நோயாளியின் விஷயத்தை ரகசியமாக வைக்கக் கடமைப்பட்டவர். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வேலையை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய், அதைப் பற்றி நான் இப்போது பேசவே போவதில்லை. உடம்பு தேறி வா, அப்புறம் எழுது, பேசுவோம்.

*

வணக்கம் மேடம். என் மகள் மும்பையில் மாடலாகவும் அப்புறம் ஏதோ பேஜ் நடத்தியும் இருந்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் பெட்டியோடு வந்துவிட்டாள். மத்தியானம் வரை தூக்கம், யாரிடமும் பேச்சில்லை. தலைமுடியில் பாதி நீலம். கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள், சொந்தக்காரர்கள் முடியைப் பற்றியே கேட்கிறார்கள். வந்ததே நல்லது என்று சொன்னேன், அதற்கும் அழுகிறாள். (மதுரை)

அம்மா, நீலம் தானாக வெளுத்துவிடும், விடுங்கள். "வந்ததே நல்லது" என்று நீங்கள் பாசத்தில்தான் சொன்னீர்கள். அவள் காதில் அது "போனதே தப்பு" என்று விழுந்திருக்கும். அங்கே அவள் உழைத்திருக்கிறாள். ஆடிஷனுக்கு ஆடிஷன் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போய், மூன்று பேரோடு ஒரு அறையைப் பங்கு போட்டுக்கொண்டு, பசியை அடக்கி உடம்பைக் காத்து, ஒவ்வொரு நாளும் முகத்தையும் இடுப்பையும் பார்த்து யாரோ வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அதை ஒருவர்கூட உழைப்பு என்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யாருக்குத்தான் அழுகை வராது?

தூக்கத்தைப் பற்றி. அவள் உடம்பு பகலை ராத்திரி என்று பழகியிருக்கிறது. சீக்கிரம் படு என்று சொல்லிப் பயன் இல்லை, படுத்தாலும் தூக்கம் வராது. எழும் நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும். இப்போது பன்னிரண்டு என்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை அரை மணி நேரம் முன்னால், எழுந்ததும் மொட்டை மாடியில் வெளிச்சம் படும்படி காபி. மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம். சில வாரங்களில் ஒழுங்காகும். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை, குளிக்கப் பிடிக்கவில்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் அது களைப்பு அல்ல. உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், ராத்திரி நேரமானாலும் 14416-க்கு நீங்களே பேசலாம்.

கல்யாணப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். சொந்தக்காரர்களுக்கு நீங்கள் ஒரு வரியில் பதில் சொல்லி நிறுத்துங்கள், அவள் காது வரைக்கும் போக விடாதீர்கள்.

ஒரு நாள் சாயங்காலம் உங்களுக்குச் சுங்குடிப் புடவை எடுக்க அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதையும் மேலே அச்சடித்ததையும் பக்கத்தில் வைத்து, எது நிஜம் என்று அவளிடம் கேளுங்கள். கையால் முடிந்தது என்றால் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கோணலாக, நடுவில் சாயம் லேசாகக் கசிந்து இருக்கும், புதிதில் முடிச்சு இருந்த இடம் விரலுக்குச் சுருக்கமாகவும் தட்டும். அதைத் தொட்டுப் பார்த்து அவள் பேச ஆரம்பித்தால் பேச விடுங்கள். அதற்கு எந்த ரவிக்கை பொருந்தும் என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அவள் சொல்வதையே தைத்துப் போடுங்கள்.

*

உச்சத்தில் இருக்கும்போது விலகினால் அதோடு கதை முடிந்தது என்கிறார்கள். உலகத்தில் யாராவது விலகி நன்றாக இருந்திருக்கிறார்களா? நான் மாடல், 24 வயது. (வடபழனி, சென்னை)

இருக்கிறார்கள், அதுவும் உன் தொழிலிலேயே. கிறிஸ்டி டர்லிங்டன் தொண்ணூறுகளில் உலகத்தின் முதல் வரிசை மாடல்களில் ஒருவர். நல்ல மார்க்கெட் இருக்கும்போதே ஷோக்களைக் குறைத்துக்கொண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1999-ல் பட்டம் வாங்கினார். பிரசவத்தில் தனக்கு ரத்தப்போக்கு ஏற்பட்ட அனுபவத்தால், 2010-ல் பிரசவ காலத் தாய்மார்களைக் காப்பதற்கு ஒரு அமைப்பைத் தொடங்கினார். மாடலிங்கை ஒரேயடியாக விடவும் இல்லை, வேண்டியபோது செய்கிறார்.

தலை காட்டாவிட்டால் மறந்துவிடுவார்கள் என்பவர்களுக்கு மார்ட்டின் மார்ஜீலாவைச் சொல்லு. 1988-ல் பாரிஸில் லேபிள் தொடங்கிய பெல்ஜியக்காரர். ஷோ முடிந்ததும் மேடைக்கு வந்து கும்பிடு போட மாட்டார், போட்டோவுக்கு நிற்க மாட்டார், முகத்தைக் காட்டாமலேயே இருபது வருஷம் ஃபேஷனின் போக்கை மாற்றினார். அப்புறம் விலகி ஓவியம், சிற்பம் என்று போய், 2021-ல் பாரிஸில் கண்காட்சி வைத்தார். அதே நாட்டுக்காரர் ட்ரீஸ் வான் நோட்டன், பாரிஸில் ஷோ நடத்திக்கொண்டே ஆன்ட்வெர்ப் பக்கத்தில் லியர் என்ற ஊரில் பெரிய தோட்டத்தோடு வாழ்ந்தவர், 2024 ஜூனில் கடைசி ஷோவை நடத்திவிட்டு ஓய்வு பெற்றார்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 1977-ல் திறந்த ஸ்டுடியோ 54 கிளப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். உரிமையாளர்கள் இருவரும் வரி ஏய்ப்பு வழக்கில் 1980-ல் சிறைக்குப் போனார்கள், அதன் முதல் ஆட்டம் மூன்று வருஷம்கூட ஓடவில்லை. அங்கே எப்போதும் காணப்பட்டவர் ஹால்ஸ்டன், ஜாக்குலின் கென்னடி 1961-ல் கணவரின் பதவியேற்புக்குப் போட்ட தொப்பியைச் செய்தவர், அமெரிக்காவின் மிகப் பெரிய டிசைனர். ஆனால் அவர் 1973-லேயே கம்பெனியோடு சேர்த்துத் தன் பெயரையும் விற்றுவிட்டார். எண்பதுகளில் கம்பெனி கைமாறிக் கைமாறி, தன் சொந்தப் பெயரில் ஒரு சட்டைகூட விற்க முடியாத நிலைமைக்கு வந்தார். 1990-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்தார். ராத்திரி வாழ்க்கைதான் அவரை வீழ்த்தியது என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கென்னவோ பெயரை விற்றுப் போட்ட அந்தக் கையெழுத்துதான் பெரிய அடி என்று படுகிறது. அதனால் உன் ஒப்பந்தத்தை எடுத்துப் படி. உன் படத்தை எத்தனை வருஷம், எந்த நாட்டில், எந்த ஊடகத்தில் பயன்படுத்தலாம் என்று இருக்கிறதா? அந்தக் காலத்தில் போட்டி பிராண்டுக்கு வேலை செய்யக்கூடாது என்றால் அதற்குத் தனிப் பணம் உண்டா? அதைத் தெரிந்துகொண்டு எப்போது வேண்டுமானாலும் விலகு.

*

அலமாரி நிறைய சீக்வின், சாட்டின், ஹீல்ஸ். பார்க்கவே பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா? (பவாய், மும்பை)

கோபத்தில் தூக்கிப் போடாதே. சீக்வின் பெரும்பாலும் பிளாஸ்டிக், குப்பையில் போட்டால் மக்காது. கல்லூரி நடனக் குழு, நாடகக் குழு எதற்காவது கொடு, அவர்கள் கொண்டாடுவார்கள். பிராண்டு உடைகளைப் பழைய உடை விற்கும் தளங்களில் விற்றுவிடு, அந்தப் பணம் கடனுக்கு. சரிகை வேலை இருப்பதைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வை, மும்பை மழைக்காலம் அதற்கு எமன். நன்றாக வெட்டித் தைத்த பிளேசர், பருத்திச் சட்டை, உனக்கு உண்மையில் பிடித்த ஒரு ராத்திரி உடை, இதெல்லாம் இருக்கட்டும். அழகாக உடுத்துவதை விட வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

*

அக்கா, நான் டெல்லியில் ஃபேஷன் ஷோக்களுக்கு புரொடக்‌ஷன் வேலை பார்த்தேன். இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் (பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுப்பவர்) வேலைக்கு இன்டர்வியூ. பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு போனிலேயே "இங்கெல்லாம் தாக்குப்பிடிப்பீங்களா?" என்று கேட்டார்கள். என்ன சொல்வது? (தாராபுரம்)

அவர்கள் கேட்டதில் தப்பில்லை, ரன்வே போட்டோக்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். போட்டோக்களை எடுத்துவிடு. நீ செய்த வேலையை அவர்கள் பாஷையில் எழுது. ஷோ நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த நாளில் துணி, எந்த நாளில் ஃபிட்டிங், எந்த நாளில் ரிகர்சல் என்று ஒரு அட்டவணை போட்டு எல்லாரையும் துரத்தி முடித்தாய் அல்லவா, திருப்பூரில் அதையே டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர் என்பார்கள், ஷோ தேதிக்குப் பதில் ஷிப்மென்ட் தேதி. பையருக்கு லேப் டிப் (சாயம் போட்டுக் காட்டும் சின்னத் துணித் துண்டு) அனுப்பி கலர் அப்ரூவல் வாங்குவது, ஃபிட் சாம்பிள், பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய கடைசி மாதிரி), அப்புறம் புரொடக்‌ஷன், இந்த வரிசையை மனப்பாடம் இல்லாமல் புரிந்துகொண்டு போ. துணியின் எடையைச் சொல்லும் ஜி.எஸ்.எம். என்றால் என்ன, நிட்டிங் துணி சாயம் போட்டபின் ஏன் சுருங்குகிறது, ஏன் முறுக்கிக்கொள்கிறது என்று கேட்பார்கள். முடிந்தால் இன்டர்வியூவுக்கு முன்னால் தெரிந்தவர் யாரையாவது பிடித்து ஒரு நிட்டிங் யூனிட்டையும் ஒரு டையிங் யூனிட்டையும் நேரில் பார்த்துவிடு.

"தாக்குப்பிடிப்பீங்களா?" என்றால், டெல்லியில் ஒரு ஷோவில் கடைசி நேரத்தில் உடை வராமல் நீ எப்படிச் சமாளித்தாய் என்று எனக்கு எழுதியிருந்தாயே, அதை அப்படியே சொல். சம்பளம் முதலில் டெல்லியைவிடக் குறைவாகத்தான் இருக்கும், வாடகையும் குறைவு, கணக்குப் போட்டுப் பார். ஒன்றை மட்டும் நீயே கேட்டுவிடு: ஷிப்மென்ட் வாரத்தில் எத்தனை மணி வரை இருக்க வேண்டும், திரும்பிப் போக வண்டி உண்டா என்று. அங்கேயும் கண் முழிக்க வேண்டிய ராத்திரிகள் உண்டு, அதைத் தெரிந்துகொண்டே சேர்.